ஓ பாசிட்டிவ் என்கிறார்கள், ஓ ரத்தமே சேரவில்லை: சிவப்பணு மேல் ரத்த வகை எப்படி உருவாகிறது?

தாராவி செல்வா

எல்லாருக்கும் வணக்கம். தங்கைக்கு எட்டாவது மாதம், இரண்டாவது பிரசவம். ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதால் ரத்தம் ஏற்பாடு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். கார்டில் ஓ பாசிட்டிவ் என்று இருக்கிறது. பிளட் பேங்கில் கிராஸ்மேட்ச் (கொடுப்பவர் ரத்தம் தங்கை ரத்தத்தோடு சேருமா என்ற சோதனை) பார்த்தால் ஒரு ஓ யூனிட்கூடச் சேரவில்லை. "பம்பாய் குரூப் என்ற அரிய வகையாக இருக்கலாம், பரேல் ஆய்வகத்துக்கு சாம்பிள் அனுப்புகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மூத்த பையனுக்கு ஏபி. மாப்பிள்ளைக்கு பி. "ஓ அம்மாவுக்கு ஏபி பிள்ளை எப்படிப் பிறக்கும்?" என்று மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் ஒருவர் ஒரு விசேஷ வீட்டில் வைத்தே கேட்டுவிட்டார். மாப்பிள்ளை தங்கமானவர், அவர் சந்தேகப்படவில்லை. ஆனால் தங்கை அதற்கப்புறம் அந்தப் பக்கம் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

ரத்த வகை பிறவியிலேயே வருவது என்றால் ஓ என்பது எப்படி ஓ இல்லாமல் போகும்? ரத்த வகையைக் காட்டும் இந்த ஆன்டிஜென் என்ற அடையாளம் சிவப்பணு மேல் எப்படித்தான் வந்து உட்காருகிறது? தெரிந்தவர்கள் புரியும்படி சொல்லுங்கள்.

கோமதி (பிளட் பேங்க் டெக்னீஷியன், முலுண்ட்)

செல்வா தம்பி, விளக்கத்துக்கு முன்னால் ஒன்று. பரேல் முடிவு வருகிறவரைக்கும் "அவசரம் என்றால் ஓ நெகட்டிவ் ஏற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தங்கை நிஜமாகவே பம்பாய் குரூப் என்றால் ஓ நெகட்டிவும் அவருக்கு ஆபத்துதான். பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு இதை எழுத்தில் கொடுங்கள், கேஸ் பேப்பரின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஏ, பி என்று நாம் சொல்வது சிவப்பணுவின் மேல்சவ்விலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனி. அந்த நுனியில் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதுதான் வகையைத் தீர்மானிக்கிறது. சங்கிலி ஒரே மூச்சில் உருவாவதில்லை. ஒவ்வொரு சர்க்கரையையும் ஒரு தனி என்சைம் கொண்டுவந்து சேர்க்கிறது, அதுவும் வரிசைப்படி.

முதலில் அடிச்சங்கிலி. அதன் கடைசியில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கும். அதன் மேல் ஃபியூகோஸ் என்ற இன்னொரு சர்க்கரையை ஒரு என்சைம் சேர்க்கிறது. அப்போது உருவாவதற்கு எச் ஆன்டிஜென் என்று பெயர். ஏ குரூப்காரர்களிடம் இருக்கும் என்சைம் இந்த எச் மேல் என்-அசிட்டைல் கேலக்டோசமினைச் சேர்க்கும், அது ஏ ஆன்டிஜென். பி குரூப்காரர்களிடம் இருப்பது இன்னொரு கேலக்டோஸைச் சேர்க்கும், அது பி. ஏபி என்றால் இரண்டு என்சைமும் உண்டு, சில சங்கிலி ஏ ஆகவும் சில சங்கிலி பி ஆகவும் முடியும். ஓ என்றால் இரண்டுமே வேலை செய்யாது, எச் அப்படியே நிற்கும்.

அதனால் ஓ குரூப் சிவப்பணு வெறுமையானது இல்லை. எல்லா வகைகளிலும் எச் அதிகமாக இருப்பது ஓ குரூப்பில்தான்.

பம்பாய் குரூப்பில் அந்த எச் படியே நடப்பதில்லை. ஃபியூகோஸைச் சேர்க்கிற என்சைம் கிடையாது. ஃபியூகோஸ் இல்லாத சங்கிலியை ஏ என்சைமும் தொடாது, பி என்சைமும் தொடாது. சுவரில் ஆணியே அடிக்கவில்லை என்றால் கையில் படம் இருந்தும் எங்கே மாட்டுவது?

சயான் குமார்

அக்கா, ஒரு சந்தேகம். சிவப்பணுவுக்கு நியூக்ளியஸே கிடையாது என்று படித்திருக்கிறோம். மரபணுவே இல்லாத செல்லில் யார் இந்த என்சைம் எல்லாம் செய்வது?

மாட்டுங்கா வித்யா

நல்ல கேள்வி, குமார். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் எடுக்கிறேன், இதை நான் சொல்கிறேன்.

சிவப்பணு பிறப்பது எலும்பு மஜ்ஜையில். அங்கே இருக்கும் அதன் முன்னோடி செல்லுக்கு நியூக்ளியஸ் உண்டு, கோல்கி உறுப்பும் உண்டு. சர்க்கரை சேர்க்கும் வேலை பெரும்பாலும் அந்தக் கோல்கியில்தான் நடக்கிறது. சவ்வுக்குப் போக வேண்டிய புரதங்களும் கொழுப்புகளும் கோல்கி வழியாகப் போகும்போதே சர்க்கரைச் சங்கிலியோடு போகின்றன. வேலை முடிந்த பிறகு நியூக்ளியஸ் வெளியேற்றப்படுகிறது, கோல்கியும் இல்லாமல் போகிறது. ரத்தத்தில் சுற்றும் சுமார் 120 நாளும் மஜ்ஜையில் கிடைத்த ஏ, பி, எச் ஆன்டிஜென்களை வைத்தே அந்தச் சிவப்பணு வாழ்கிறது.

சங்கிலிகள் எதன் மேல் இருக்கின்றன என்றால், அதிகமாக பேண்ட் 3 என்ற சவ்வுப் புரதத்தின் மேல். பைகார்பனேட், குளோரைடு அயனிகளை மாற்றிக் கடத்துவது இதுதான். குளுகோஸை உள்ளே விடும் புரதத்தின் மேலும், சவ்வுக் கொழுப்புகளின் மேலும் உண்டு. வளர்ந்த ஒருவரின் ஏ1 வகைச் சிவப்பணு ஒன்றின் மேல் ஏ ஆன்டிஜென் இடங்கள் ஏறக்குறைய 10 லட்சம். ஏ2 என்ற துணைவகையில் இதில் கால் பங்குதான் இருக்கும், ஏனென்றால் அந்த என்சைம் மந்தமானது. பிறந்த குழந்தைக்கும் குறைவு. சங்கிலிகள் கிளை விடாமல் நேராக இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் கிளைகள் வந்துவிடும், ஆன்டிஜெனும் கூடும்.

அப்புறம், எனக்கு இந்தப் பாடத்தில் எப்போதும் வியப்பாக இருப்பது ஒன்று உண்டு. ஏ என்சைமும் பி என்சைமும் 354 அமினோ அமிலம் கொண்ட ஒரே மாதிரிப் புரதங்கள். நான்கே இடத்தில்தான் வித்தியாசம்: 176, 235, 266, 268. அதிலும் 266, 268 ஆகிய இரண்டுதான் எந்தச் சர்க்கரையை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஓ வகையில் பெரும்பாலும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கும், 261ஆம் இடத்தில். ஒரு எழுத்து போனதும் அதற்குப் பின்னால் வாசிப்பே மாறி, புரதம் பாதியிலேயே முடிந்துவிடும். இதை 1990இல் யமமோட்டோ குழுவினர் கண்டார்கள். லேண்ட்ஸ்டைனர் வியன்னாவில் தன் ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் கலந்து பார்த்து வகை பிரித்து எழுதியது 1901இல். காரணத்தை எழுத்து எழுத்தாகப் படிக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சயான் குமார்

> ஃபியூகோஸைச் சேர்க்கிற என்சைம் கிடையாது

அப்படியானால் ஏ, பி, ஓ ஒரு மரபணு, எச் வேறு மரபணுவா? பள்ளியில் ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

மாட்டுங்கா வித்யா

ஆமாம், இரண்டும் வேறு வேறு குரோமோசோமில் இருக்கின்றன. ஏபிஓ மரபணு 9ஆம் குரோமோசோமில். எச் செய்வது எஃப்யூடி1 என்ற மரபணு, 19ஆம் குரோமோசோமில். இரண்டும் தனித்தனியாகவே பிள்ளைக்கு இறங்கும். தங்கையின் கதை முழுக்க இதற்குள் இருக்கிறது.

ஏ, பி மரபணுக்கள் நேராக ஆன்டிஜெனைச் செய்வதில்லை. என்சைமைச் செய்கின்றன, என்சைம்தான் சர்க்கரையைச் சேர்க்கிறது. இடையில் இப்படி ஒரு படி இருப்பதால்தான், மரபணு நன்றாக இருந்தும் ஆன்டிஜென் தெரியாமல் போகலாம். பம்பாய் குரூப் உள்ள பலருடைய சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரில்) ஏ என்சைமையோ பி என்சைமையோ சோதித்துக் கண்டுபிடிக்கலாம்.

1952இல் இதே பம்பாயில் ஒய்.எம். பெண்டேயும் அவர் குழுவினரும் லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து லான்செட் இதழில் இந்த வகையை முதன்முதலாக எழுதினார்கள். அந்த லண்டன்காரர்களில் வால்டர் மார்கனும் வினிஃப்ரெட் வாட்கின்ஸும் உண்டு. ஏ, பி, எச் எல்லாம் சர்க்கரைகளே என்று வேதியியலாக நிறுவியதில் பெரும் பங்கு அந்த இருவருடையது. எச் முதலில், அதன் மேல்தான் ஏயும் பியும் என்ற வரிசையை ஒத்துக்கொள்ள வைத்ததில் பம்பாய்க்காரர்களின் ரத்தத்துக்குப் பெரிய இடம் உண்டு. நம் ஊர் மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்கள் இல்லாமல் அந்தப் பாடம் முழுமையாகியிருக்காது என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

தாராவி செல்வா

நன்றி அக்கா. நன்றி மேடம். அப்படியானால் மூத்தவனுக்கு ஏபி வந்தது?

கோமதி (பிளட் பேங்க் டெக்னீஷியன், முலுண்ட்)

அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் அம்மா அப்பாவுக்கு என்ன குரூப்? இருவரும் சொந்தமா?

தாராவி செல்வா

அம்மா ஏ, அப்பா ஓ. அம்மா அப்பாவுக்கு மாமன் மகள்தான். ஊரில் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். நான் ஓ. பெரிய அக்கா ஏ.

கோமதி (பிளட் பேங்க் டெக்னீஷியன், முலுண்ட்)

சரி, இப்போது பாருங்கள்.

எச் மரபணு எல்லாருக்கும் இரண்டு பிரதி. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது போதும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் கெட்ட பிரதி ஒவ்வொன்று இருந்திருக்கலாம். மாமன் மகள் என்பதால் ஒரே தாத்தாவோ பாட்டியோ வழியாக அது இருவருக்கும் இறங்கியிருக்க வாய்ப்பு கூடுதல். தங்கைக்கு இரண்டு பக்கமும் கெட்ட பிரதியே வந்துவிட்டது. அதோடு அம்மாவிடமிருந்து நல்ல ஏ மரபணுவும் வந்திருக்கிறது. ஏ என்சைம் தங்கையின் உடம்பில் இருக்கிறது, எச் இல்லாததால் அது ஒன்றும் செய்ய முடியவில்லை. ஸ்லைடில் பார்த்தவர்களுக்கு ஓ மாதிரி தெரிந்தது.

மூத்தவன் அம்மாவிடமிருந்து அந்த ஏ மரபணுவை வாங்கினான். மாப்பிள்ளையிடமிருந்து பி மரபணுவையும் நல்ல எச் பிரதி ஒன்றையும் வாங்கினான். எச் வந்ததும் ஏயும் வெளியே தெரிந்தது, பியும் தெரிந்தது. ஏபி.

பரேல் முடிவு பம்பாய் என்று வந்தால் அந்தக் குழந்தையின் குரூப்பில் விளக்க முடியாதது எதுவுமே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் கேள்வி கேட்டவரிடம் அந்த ரிப்போர்ட்டோடு இதையும் காட்டுங்கள். எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. ஒரு ஸ்லைடு ரிப்போர்ட்டையும் பத்தாம் வகுப்பு அட்டவணையையும் வைத்து ஒரு பெண்ணின் மேல் பழி போடுவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. தந்தை யார் என்பதை ஏபிஓ குரூப்பை வைத்து முடிவு செய்யவே கூடாது. பம்பாய் குரூப் மட்டுமல்ல, ஏயும் பியும் ஒரே மரபணுப் பிரதியில் சேர்ந்து வரும் அரிய வகையும் இருக்கிறது. அங்கும் ஓ துணைக்கு ஏபி பிள்ளை பிறக்கும்.

பாண்டுப் அண்ணாச்சி

செல்வா தம்பி, தங்கச்சிக்கு நல்லபடியாப் பிரசவம் ஆகும், கவலைப்படாதே. வருசா வருசம் ரத்ததான முகாம் நடத்துறவன் நான். கோமதியம்மா, முகாமில் நாங்கள் பார்க்கும்போது நீல மருந்து, மஞ்சள் மருந்து, நிறமில்லாத மருந்து மூன்றையும் சொட்டு விட்டுத்தான் குரூப் சொல்கிறார்கள். அதில் இது தெரியாதா?

கோமதி (பிளட் பேங்க் டெக்னீஷியன், முலுண்ட்)

தெரியாது அண்ணாச்சி. நீலம் ஏ பார்க்க, மஞ்சள் பி பார்க்க, நிறமில்லாதது ஆர்எச் டி, அதாவது பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்க. பம்பாய்க்காரரின் சிவப்பணு நீலத்திலும் ஒட்டாது, மஞ்சளிலும் ஒட்டாது. அந்த அளவில் ஓ என்றுதான் எழுதுவார்கள்.

பிளட் பேங்கில் அதே ரத்தத்தைத் தலைகீழாகவும் சோதிக்க வேண்டும், ரிவர்ஸ் குரூப்பிங் என்பது அதுதான். அவருடைய சீரத்தில் தெரிந்த ஏ செல், பி செல், ஓ செல் மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பது. சாதாரண ஓ ஆளின் சீரம் ஏ செல்லையும் பி செல்லையும் திரட்டும், ஓ செல்லை விட்டுவிடும். பம்பாய்க்காரரின் சீரம் ஓ செல்லையும் சேர்த்து நன்றாகத் திரட்டும், ஏனென்றால் அவருக்கு எச்சைத் தாக்கும் எதிர்ப்புப் புரதமும், அதாவது எச்சுக்கு எதிரான ஆன்டிபாடியும் உண்டு. அந்த ஆன்டிபாடி உடல் வெப்பத்திலேயே வேலை செய்யும். ஏற்றிய சிவப்பணுவை ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைத்துவிடும், அதனால்தான் இவ்வளவு பயப்படுகிறோம். ஓ செல் போடாமல் ஏ, பி மட்டும் போட்டுப் பார்க்கும் இடங்களில் இது நழுவிவிடும்.

ஓ செல் ஒட்டிவிட்டால் மட்டும் பம்பாய் என்று சொல்லிவிட முடியாது, செல்வா. அவருடைய சீரத்தை அவருடைய சிவப்பணுவோடே வைத்துப் பார்க்க வேண்டும், அது ஒட்டக்கூடாது. வேறு ஆன்டிபாடிகளாலும் எல்லாச் செல்லும் ஒட்டும். அப்புறம் எச்சைப் பிடிக்கும் லெக்டின் என்ற தாவரப் புரதத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். பரேலில் கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனத்தில் இதற்கு மேலான சோதனைகளும் உண்டு.

மாட்டுங்கா வித்யா

கோமதி சொன்ன எச் லெக்டின் யூலெக்ஸ் யூரோபியஸ் என்ற முள்செடியின் விதையிலிருந்து எடுப்பது. ஊட்டிப் பக்கம் புல்வெளிகளில் மஞ்சள் பூவோடு களையாகப் பரவியிருக்கிறதே, அதே செடிதான். ஏ1, ஏ2 பிரித்துப் பார்க்கும் லெக்டின் நம் கொள்ளிலிருந்து வருகிறது.

எச்சிலையும் பார்ப்பார்கள். எச்சில், குடல் போன்ற இடங்களில் எச் செய்வது எஃப்யூடி2 என்ற பக்கத்து மரபணு. இந்தியாவில் காணும் பம்பாய் குரூப்பில் பெரும்பாலும் எஃப்யூடி1இல் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், கூடவே எஃப்யூடி2 முழுக்க விடுபட்டிருக்கும். அதனால் எச்சிலிலும் எச் இருக்காது. எஃப்யூடி1 மட்டும் கெட்டு எஃப்யூடி2 நன்றாக இருப்பவர்களைப் பாரா பம்பாய் என்பார்கள். அவர்கள் சிவப்பணுவில் எச் இல்லை அல்லது மிகக் குறைவு, எச்சிலில் உண்டு.

சயான் குமார்

எல்லா ரத்த வகையும் சர்க்கரைதானா? பாசிட்டிவ் நெகட்டிவும்?

மாட்டுங்கா வித்யா

இல்லை. ஆர்எச் டி முழுக்கப் புரதம். 417 அமினோ அமிலம், சவ்வை 12 முறை ஊடுருவி மடிந்திருக்கும், சர்க்கரையே கிடையாது. 1ஆம் குரோமோசோமில் இருக்கும் மரபணு அந்தப் புரதத்தையே செய்கிறது, நடுவில் வேறொரு என்சைம் தேவையில்லை. ஆனால் அதுவும் தனியாகச் சவ்வுக்குப் போவதில்லை, ஆர்எச்ஏஜி என்ற துணைப்புரதம் இருந்தால்தான் போகும். அந்தத் துணை இல்லாவிட்டால் ஆர்எச் வகை எதுவுமே தெரியாது.

லூயிஸ் என்று இன்னொரு ரத்த வகை உண்டு, அது இன்னும் விசித்திரம். அதைச் சிவப்பணு செய்வதே இல்லை. வேறு திசுக்களில் உருவாகி பிளாஸ்மாவில் மிதந்து வரும் சர்க்கரைக் கொழுப்பு சிவப்பணுவின் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. கர்ப்ப காலத்தில் லூயிஸ் வலுவிழந்து தெரியாமல் போவதும் உண்டு. தங்கையின் ரிப்போர்ட்டில் அப்படி ஏதாவது எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம்.

பாண்டுப் அண்ணாச்சி

குரூப் பார்த்துச் சாப்பிடு என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதுவும் உண்மையா? அப்புறம், குரூப் நடுவில் மாறுமா?

கோமதி (பிளட் பேங்க் டெக்னீஷியன், முலுண்ட்)

சாப்பாட்டு விஷயத்துக்கு ஆதாரம் கிடையாது, விட்டுவிடுங்கள் அண்ணாச்சி. மாறுவது அரிது. வேறு குரூப்காரரின் எலும்பு மஜ்ஜை வைத்தால் மாறும், ஏனென்றால் இனி சிவப்பணு செய்வது அந்த மஜ்ஜை. சில ரத்தப் புற்றுநோய்களில் ஏ ஆன்டிஜென் மங்கும். குடல் புற்றுநோய் உள்ள சில ஏ குரூப்காரர்களுக்கு பாக்டீரியா என்சைம் அந்த நுனிச் சர்க்கரையை மாற்றி பி மாதிரிக் காட்டும்.

தாராவி செல்வா

மாப்பிள்ளை இந்த இழையை மொபைலில் படித்தார். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும்? வயிற்றுக்குழந்தைக்கு இதனால் ஆபத்து உண்டா?

கோமதி (பிளட் பேங்க் டெக்னீஷியன், முலுண்ட்)

எச்சுக்கு எதிரான ஆன்டிபாடி பெரும்பாலும் ஐஜிஎம் வகை, அது நஞ்சுக்கொடியைத் தாண்டாது. பிறக்கும் குழந்தைக்கு ஆன்டிஜெனும் குறைவாகவே இருக்கும். கடுமையான பாதிப்பு அரிது. இருந்தாலும் பிறந்ததும் மஞ்சள்காமாலை பார்க்கும்படி குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தங்கைக்கு ரத்தம் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. இரும்புச்சத்தை ஊசி மூலம் ஏற்றலாமா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். எட்டாவது மாதத்தில் மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருக்க நேரம் குறைவு. பிரசவத்தை வசதியுள்ள பிளட் பேங்க் இருக்கும் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீங்கள். பெரிய அக்கா ஏ என்பதால் அவருக்கு எச் இருக்கிறது, அவர் ரத்தம் சேராது. நீங்கள் ஓ என்கிறீர்கள். கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, ஓ என்று ஸ்லைடில் தெரிகிறவருக்கு அது இன்னும் கொஞ்சம் கூடும். நாளைக்கே உங்கள் சாம்பிளையும் கொடுங்கள். அப்பாவும் ஓ என்பதால் அவரையும் அழைத்துப் போங்கள். "ஓ செல் வைத்து ரிவர்ஸ் குரூப்பிங்கும், எச் லெக்டினும் பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள், ஊதா மூடி டியூப் ஒன்று, சிவப்பு மூடி டியூப் ஒன்று எடுப்பார்கள். நீங்களும் பம்பாய் பாசிட்டிவ் என்று வந்தால் தங்கைக்கு நீங்களே கொடுக்கலாம். ஆனால் ரத்த சொந்தம் என்பதால் அந்த யூனிட்டை ஏற்றுவதற்கு முன் அதன் மேல் கதிர்வீச்சு செலுத்த வேண்டும், அதையும் பிளட் பேங்கில் நினைவுபடுத்துங்கள்.

சயான் குமார்

இல்லாவிட்டால்? வெளியே கிடைக்குமா?

கோமதி (பிளட் பேங்க் டெக்னீஷியன், முலுண்ட்)

இந்தியாவில் பத்தாயிரம் பேரில் ஒருவர் என்று பொதுவாகச் சொல்வார்கள், மும்பைப் பக்கம் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிகம். பம்பாய்க் கொடையாளர் பட்டியல் வைத்திருக்கும் பிளட் பேங்க்குகளும் தன்னார்வக் குழுக்களும் உண்டு, உங்கள் பிளட் பேங்கே அவர்களைக் கூப்பிடும். ஆள் கிடைத்தாலும் எப்போது எடுப்பது என்பது கணக்கு. எடுத்த ரத்தம் குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாள்தான் நிற்கும். பிரசவத் தேதிக்கு ரொம்ப முன்னாலேயே எடுத்துவிட்டால் வீணாகிவிடும். கிளிசரால் சேர்த்து உறையவைத்தால் வருடக்கணக்கில் வைக்கலாம், ஆனால் அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. உருக்கிக் கழுவின பிறகு வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். அதனால் ஆளைக் கண்டுபிடித்துத் தயாராக வைத்துக்கொண்டு, தேதியை டாக்டரும் பிளட் பேங்கும் பேசி முடிவு செய்வதுதான் வழக்கம்.

செல்வா, பரேல் முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். தங்கையின் ஊர், பிளட் பேங்க் பெயர் எதையும் பொதுவில் போட வேண்டாம், எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.